படம் கீறிய கணினி, மண் அளந்த கணினி

உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "ஓட்டோகேட் படிச்சா வேலை எடுக்கலாமா?" என்பதுதான். எடுக்கலாம். ஓட்டோகேட் என்பது கணினியில் படம் கீறும் மென்பொருள். வீட்டுப் பிளான் ஒழுங்காகக் கீறத் தெரிந்தவருக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வேலை இல்லாமல் போவதில்லை. பிரதேச சபைக்கு ஒரு பிளான், வங்கிக் கடனுக்கு ஒரு பிளான், மேல்மாடி எடுக்க ஒரு பிளான் என்று ஆட்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு எண்ணம் ஒளிந்திருக்கிறது. சிவில் பொறியியலில் கணினி என்றால் படம் கீறும் கருவி என்ற எண்ணம். முன்பு பலகையில் பேனாவால் கீறினார்கள், இப்போது திரையில் மவுஸால் கீறுகிறார்கள், அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். பிள்ளைகள் மட்டுமில்லை, பல கந்தோர்களிலும் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

வரலாற்றைப் பார்த்தால் கதை வேறு. வீதி போடும் சிவில் பொறியியலாளர்கள் ஆரம்பத்தில் கணினியிடம் போனது மண் கணக்குப் பார்க்க. எந்த இடத்தில் எவ்வளவு வெட்டுவது, எங்கே எவ்வளவு நிரப்புவது என்ற கணக்கு. படம் கீறுவது இன்னொரு வழியால் வந்து பிறகு சேர்ந்துகொண்டது. எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது அந்தப் படம் மட்டும்தான். கணக்கு எங்கேயோ வழியில் நின்றுவிட்டது. வாவிக்கும் வயலுக்கும் வீதிக்கும் இடையில் ஒரு முழ உயரம்கூட இல்லாத எங்களுடைய நிலத்தில் அது பெரிய இழப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் கைவேலைக் காலத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாதவர்களுக்குக் கணினி எதைக் கொண்டுவந்தது என்பதும் விளங்காது.

ஒரு வீதி போடுவதென்றால் மூன்று வகைப் படம் வேண்டும். மேலிருந்து பார்க்கிற கிடைப்படம், வீதியின் நடுக்கோட்டு வழியே நிலம் ஏறி இறங்குவதைக் காட்டும் நெடுக்குவெட்டு, அப்புறம் 20 மீற்றருக்கு ஒன்றாகக் குறுக்குவெட்டுகள். லெவல் புத்தகத்தில் உள்ள உயரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கிராஃப் தாளில் புள்ளி வைத்து, இருக்கிற நிலத்தை ஒரு கோடாகவும் வரப்போகும் வீதியை இன்னொரு கோடாகவும் கீறுவார்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் விழும் பரப்புதான் வெட்டு அல்லது நிரப்பு. அந்தப் பரப்பைக் கட்டம் கட்டமாக எண்ணுவார்கள். வசதியான கந்தோர் என்றால் பிளானிமீற்றர் இருக்கும். அதன் ஊசியைக் கோட்டின் மேலே ஒரு சுற்றுக் கொண்டுவந்தால் பரப்பு கிடைக்கும். அடுத்தடுத்த இரண்டு வெட்டுகளின் பரப்பைக் கூட்டி, இரண்டால் பிரித்து, 20ஆல் பெருக்கினால் அந்தத் துண்டுக்கான மண். 5 கிலோமீற்றர் வீதிக்கு இப்படி 250 துண்டு. எல்லாம் முடிந்த பிறகு பொறியியலாளர் வந்து, "நடுப்பகுதியில ஒரு அடி இறக்கிப் பார்ப்பம்" என்று சொன்னால் அந்தப் பகுதி முழுவதும் திரும்பவும் கட்டம் எண்ண வேண்டும். அதனால் பெரும்பாலும் இறக்கிப் பார்க்க மாட்டார்கள். முதலில் போட்ட கோடே முடிந்த முடிவாகிவிடும்.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைத்து இங்கினியாகலையில் அணை வேலை தொடங்கிய காலத்தில், ஒரு பொறியியல் கந்தோரில் கணினி இருப்பதென்பது யாரும் நினைத்தும் பார்க்காத விஷயம். மொரிசன் நுட்சன் என்ற அமெரிக்கக் கொம்பனி மண் அள்ளும் பெரிய இயந்திரங்களை இறக்கியது. ஆனால் அந்த அணையால் உருவாகி 770,000 ஏக்கர் அடி தண்ணீரைத் தாங்கப் போகிற சேனாநாயக்க சமுத்திரம் என்ற குளத்தின் காலத்துக் கணக்கெல்லாம் சிலைட் ரூலும் மடக்கை அட்டவணையும் கிராஃப் தாளும்தான். அம்பாறைப் பக்கத்து வாய்க்கால்களில் இன்றைக்கும் தண்ணீர் ஓடுகிறதே, அதன் சரிவை ஆராவது ஒருவர் கையால் கணக்குப் போட்டுப் பென்சிலால் எழுதிவைத்திருப்பார். 1924இல் திறந்த கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்கும் அதேதான்.

எனது தலைமுறை அந்தக் கைவேலையின் கடைசிப் பகுதியைப் பார்த்தது. ரொட்ரிங் மைப்பேனா 0.25, 0.35, 0.5 மில்லிமீற்றர் தடிப்பு என்று வரிசையாக இருக்கும். மாரி காலத்தில் ட்ரேசிங் பேப்பர் ஈரத்தை இழுத்து நெளியும். உள்ளங்கை வியர்வை பட்ட இடத்தில் மை ஒட்டாது. அதனால் கைக்குக் கீழே எப்போதும் ஒரு வெள்ளைத்தாள் வைத்துக்கொள்வோம். கோட்டை அழிப்பதென்றால் சவர பிளேட்டைப் பாதியாக உடைத்து, படுக்கப் பிடித்து, மையை மட்டும் மெதுவாகச் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடம் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அதை நகத்தால் தேய்த்து வழுவழுப்பாக்காமல் மறுபடி கீறினால் மை கசிந்து பரவும். எனக்கு இதைக் காட்டித் தந்த படவரைஞர் ஒருவர், பார்வையாலேயே தாளின் தடிப்பைச் சொல்லுவார். அந்தக் கையழகை நான் இன்னும் மதிக்கிறேன். ஆனால் அவ்வளவு நேரமும் திறமையும் கோட்டை அழகாக்குவதில் போனது. கோடு சரியான உயரத்தில் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க நேரம் மிஞ்சவில்லை.

சரி, கணினிக்கு வருவோம்.

1956இல் அமெரிக்காவில் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. 41,000 மைல் வீதி. அத்தனை வீதிக்கும் யார் கட்டம் எண்ணுவது? எம்.ஐ.டி. என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் படிப்பித்துக்கொண்டிருந்த சார்ள்ஸ் மில்லர் அந்த வேலையைக் கணினியிடம் கொடுத்தார். துளையிட்ட அட்டைகளில் எண்களை வாங்கிக்கொள்ளும் இயந்திரங்களின் காலம் அது. திரையும் இல்லை, மவுஸும் இல்லை. 1958இல் மில்லரும் லாஃபிளாம் என்பவரும் சேர்ந்து எண்மான நிலமாதிரி என்ற கருத்தை எழுதி வெளியிட்டார்கள். விஷயம் எளிது. விமானப் படத்திலிருந்து நிலத்தின் புள்ளிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, வடக்கு, உயரம் என்று மூன்று எண் கொடுத்துச் சேமித்துவைத்தால், வீதியை எத்தனை தடவை வேண்டுமானாலும் இடம்மாற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் மண் கணக்கை இயந்திரம் போட்டுத் தரும்.

நான் இதை முதன்முதலில் படித்தபோது ஆச்சரியப்பட்டது ஒரு விஷயத்துக்குத்தான். அந்த மாதிரிக்குள் ஒரு கோடுகூடக் கீறப்படவில்லை. நிலம் முழுவதும் எண்ணாக இருந்தது. பொறியியலாளர் பார்த்தது வீதியை அல்ல, ஒரு வழித்தடத்துக்கு இவ்வளவு மண், இன்னொன்றுக்கு இவ்வளவு மண் என்ற பட்டியலை.

அதே மில்லரின் ஆட்கள்தான் கோகோ என்ற ஆள்கூற்று வடிவியல் மென்பொருளையும் செய்தார்கள். நிரல் எழுதத் தெரியாத பொறியியலாளரும், தான் வேலைத்தலத்தில் பேசுகிற சொற்களையே கட்டளையாகக் கொடுக்கலாம். இந்தப் புள்ளியைக் குறி, அங்கிருந்து இந்தத் திசையில் இவ்வளவு தூரம் போ, இந்த இரண்டு கோடும் வெட்டும் இடத்தைச் சொல் என்கிற மாதிரி. 60 வருடம் தாண்டிய பிறகும் அந்தப் பெயர் அழியவில்லை. இன்று எங்களூர் நில அளவையாளர் தோளில் சுமந்து வரும், கோணமும் தூரமும் அளக்கிற டோட்டல் ஸ்டேஷன் கருவியின் மெனுவைத் திறந்து பாருங்கள், பல கருவிகளில் கோகோ என்றே இருக்கும்.

கட்டடமும் பாலமும் பாரத்தைத் தாங்குமா என்று பார்க்கிற கட்டமைப்புப் பக்கமும் இப்படிக் கணக்கு நிரல்களோடுதான் தொடங்கியது. 1964இல் ஸ்டீவன் ஃபென்வஸ் குழுவின் ஸ்ட்ரெஸ், 1970இல் அமெரிக்காவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் வில்சனின் சாப். வில்சன் தனது கைநூலில், இந்த நிரலுக்கு அறிவு கிடையாது, கட்டமைப்பைச் சரியாக உருவகிப்பதும் விடைக்குப் பொறுப்பேற்பதும் பொறியியலாளரின் வேலை என்று எழுதிவைத்தார். இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் பயன்படுத்தும் சாப் 2000, ஈடாப்ஸ் எல்லாம் அந்தப் பரம்பரைதான். அந்த வரியை ஒவ்வொரு வகுப்பறையிலும் எழுதி ஒட்டினால் நல்லது.

படம் கீறுகிற கதை அதே எம்.ஐ.டி.யில் வேறொரு மூலையில் தொடங்கியது. 1963இல் ஐவன் சதர்லன்ட் என்ற மாணவர் தனது கலாநிதிப் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பாட் என்ற நிரலைச் செய்தார். டி.எக்ஸ்.2 என்ற பெரிய கணினி, ஒரு வட்டத் திரை, கையில் ஒளிப்பேனா. திரையில் நேரடியாகக் கோடு கீறலாம். இந்த இரண்டு கோடும் சமாந்தரமாக இருக்கட்டும் என்று சொன்னால் அதுவே சரிசெய்துகொள்ளும். ஒரு உருவத்தை ஒரு தடவை கீறிவிட்டு அதன் பிரதிகளை எங்கும் வைக்கலாம். மூலத்தை மாற்றினால் பிரதி எல்லாம் மாறும். ஓட்டோகேட்டில் நாங்கள் புளொக் என்று சொல்லி கதவு, யன்னல், தென்னை மரம் எல்லாம் வைக்கிறோமே, அதற்கு மூத்தது இதுதான்.

இந்த இரண்டு கதையும் நெடுங்காலம் தனித்தனியாகத்தான் ஓடின. நடுவில் 1970களில் இங்கிலாந்தின் சில கவுண்டி சபைகள் ஒன்றுசேர்ந்து மொஸ் என்ற வீதி மென்பொருளைச் செய்தன. எனக்கு இதில் பிடித்தது அதைச் செய்தவர்கள் யார் என்பதுதான். வீதியைப் பராமரிக்கிற உள்ளூராட்சி ஆட்கள், தங்கள் வேலைக்குத் தாங்களே செய்துகொண்டது. அதில் வீதி என்பது முப்பரிமாணச் சரங்களின் கட்டு. நடுக்கோடு ஒரு சரம், தார் விளிம்பு ஒரு சரம், தாருக்கு வெளியே உள்ள வீதித் தோள்பட்டை ஒரு சரம், வடிகானின் அடி ஒரு சரம். ஒவ்வொரு சரமும் உயரத்தோடு ஓடும். இப்படி யோசிக்கிற ஒருவர் வடிகானைப் படத்தின் ஓரத்தில் இரண்டு கோடாகப் போட்டுவிட்டுப் போக முடியாது. அதன் அடி எந்த உயரத்தில் தொடங்கி எந்த உயரத்தில் முடிகிறது என்று சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் இன்டர்கிராஃப் போன்ற கொம்பனிகள் பெரிய விலைக்குக் கணினியும் மென்பொருளும் சேர்த்து விற்றன. அதெல்லாம் எங்கள் கண்ணுக்கு எட்டாத தூரம்.

எட்டியது ஓட்டோகேட். 1982இல் ஜோன் வோக்கரும் இன்னும் பலரும் சேர்ந்து ஓட்டோடெஸ்க் கொம்பனியைத் தொடங்கினார்கள். மைக் ரிடில் என்பவர் முன்பே எழுதிவைத்திருந்த இன்டராக்ட் என்ற நிரலை அடித்தளமாக வைத்து ஓட்டோகேட்டை உருவாக்கி, அந்த வருடம் நவம்பரில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் காட்டினார்கள். மேசையில் வைக்கிற சாதாரணக் கணினியில் ஓடியதுதான் அதன் பலம். 1986இல் ஓட்டோலிஸ்ப் என்ற சிறு நிரல்மொழியையும் உள்ளே சேர்த்தார்கள். அதனால் கொம்பனி கொடுக்காததைப் பாவனையாளரே எழுதிக்கொள்ள முடிந்தது.

நான் திரையில் கீறப் பழகியது 14ஆவது வெளியீட்டில். அதற்குள் விண்டோஸ் வந்துவிட்டது. இடையில் மின்சாரம் போகும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சேமிக்காவிட்டால் போனது போனதுதான். அப்போது கையிலிருந்து கைக்கு, பிளொப்பியில் போய்வந்த சிறு லிஸ்ப் நிரல்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. ஒன்றை இப்போதும் பயன்படுத்துகிறேன். மூடிய எல்லைக்கோட்டைத் தொட்டால் பரப்பைச் சதுர மீற்றரில் எடுத்து, 25.29ஆல் பிரித்து, ஏக்கர், றூட், பேர்ச் என்று பிரித்துக் காணியின் நடுவில் எழுதிவிடும். 40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஒரு ஏக்கர். எந்த அமெரிக்கக் கொம்பனியும் எங்களுக்காக அதைச் செய்து தரப்போவதில்லை. இங்கே ஆரோ ஒருவர் இருந்து எழுதியிருக்கிறார், பெயர்கூடப் போடாமல்.

பிறகு 2004 டிசம்பர் 26. நாவலடி, கல்லடி, கல்லாறு, மருதமுனை என்று கரையோரம் முழுவதும் வீடு போனது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சொன்னார்கள், அதனால் புதிய காணிகள் தேட வேண்டியிருந்தது. வீடு கட்டித் தர எத்தனையோ நிறுவனங்கள் வந்தன. ஓட்டோகேட் தெரிந்த பிள்ளைக்கு அப்போதிருந்த கிராக்கி முன்பும் இல்லை, பின்பும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறை படவரைஞர்கள் உருவானதே அந்த இரண்டு மூன்று வருடத்தில்தான். மேசன்மாருக்கு விளங்கட்டும் என்று அறைகளின் பெயரைத் தமிழில் போட்டோம், பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பைலைத் திறந்தால் சமையலறை இருந்த இடத்தில் தலைகால் விளங்காத ஆங்கில எழுத்துகள் நிற்கும். ஆனாலும் போட்டோம், அது தேவையாக இருந்தது.

அந்தக் காலத்தில் நடந்த ஒன்று எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு குடியேற்றத்துக்கு வந்த தளப்படத்தில் வீடுகள் வரிசையாக, அழகாக, ஒரே புளொக்கின் பிரதிகளாக நின்றன. வீதிகள் நேர்கோடு. அந்தப் படத்தில் ஒரே ஒரு உயரம்கூட இல்லை. நிலம் தாளைப் போலத் தட்டையானது என்று எடுத்துக்கொண்டுதான் கீறியிருந்தார்கள். லெவல் போட வேண்டும் என்று கேட்டபோது, நேரமில்லை, நிலம் பார்க்கத் தட்டையாகத்தானே இருக்கிறது என்றார்கள். அடுத்த மாரிக்குக் கடைசி இரண்டு வரிசை வீடுகளின் முற்றத்தில் தண்ணீர் கட்டி நின்றது. சுனாமியில் எல்லாம் இழந்து வந்த சனங்கள், புது வீட்டு வாசலில் மணல்மூட்டை அடுக்கினார்கள். மென்பொருள் அன்றைக்கே இருந்தது. அதற்குக் கொடுக்க வேண்டிய உயரங்களை அளக்கத்தான் ஆரும் இல்லை.

கதையின் மற்றப் பாதியான கணக்கு அதற்குள் உலகத்தில் எங்கோ போய்விட்டிருந்தது. 1980களிலேயே டி.சி.ஏ. என்ற சிறு கொம்பனி ஓட்டோகேட்டுக்கு மேலே உட்கார்ந்து ஓடுகிற நில அளவை, வீதி, வடிகான் நிரல்களைச் செய்யத் தொடங்கியது. அது சொஃப்ட்டெஸ்க் ஆகி, 1997இல் ஓட்டோடெஸ்க் அதை வாங்கி, லாண்ட் டெஸ்க்டொப் ஆக்கி, 2000களின் நடுப்பகுதியில் சிவில் 3டி வந்தது. மில்லரின் எண் நிலமும் சதர்லன்டின் திரைக்கோடும் சாதாரண மேசைக் கணினியில் ஒழுங்காக ஒன்றுசேர்ந்தது அங்கேதான் என்று நான் சொல்வேன். நெடுக்குவெட்டில் வீதியை ஒரு அடி இறக்கினால் குறுக்குவெட்டு அத்தனையும் தானாக மாறும், மண் கணக்கும் மாறும். அந்தக் காலத்தில் கேட்கவே தயங்கிய கேள்வியை இப்போது ஒரு மணித்தியாலத்தில் பத்து விதமாகக் கேட்கலாம்.

ஆனால் கேட்பதற்கு நிலம் வேண்டும். சிவில் 3டி நிலத்தை முக்கோணங்களால் பின்னும். அளந்த புள்ளிகளை மூன்று மூன்றாகச் சேர்த்து ஒரு மேற்பரப்பு ஆக்கும். எந்த மூன்றைச் சேர்ப்பது என்ற விதி 1934இல் போரிஸ் டெலோனே என்ற ரஷ்யக் கணிதவியலாளர் சொன்னது. மலைநாட்டில் இது நன்றாக வேலை செய்யும். வயலில்தான் சிக்கல். வயலில் தண்ணீரை மறிப்பது வரம்பு. ஒரு முழ அகலம், ஒரு சாண் உயரம். 20 மீற்றருக்கு ஒரு புள்ளி எடுத்தால் வரம்பு புள்ளிகளுக்கு நடுவில் காணாமல் போகும். மென்பொருள் அதை வெட்டிக்கொண்டு முக்கோணம் போட்டுவிடும். திரையில் தண்ணீர் ஒரு வயலிலிருந்து அடுத்ததுக்குத் தடையில்லாமல் ஓடும், நிலத்தில் ஓடாது. வரம்பின் மேற்பகுதியிலும் இரண்டு பக்க அடியிலும் ஸ்டாஃப் என்ற உயர அளவுகோலை வைத்து லெவல் எடுத்து, அந்தப் புள்ளிகளை முறிகோடாகச் சேர்த்து, இந்தக் கோட்டை வெட்டி முக்கோணம் போடாதே என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். இதை எந்த வகுப்பிலும் அழுத்திச் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. வயலும் வாவியுமான எங்களுடைய மாவட்டத்தில் முதல் நாளே சொல்லித் தர வேண்டிய பாடம் இது.

இணையத்தில் இலவசமாக உயரத் தரவு கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் உலகத்தின் பெரும்பகுதியை அளந்தார்கள், 30 மீற்றர் கட்டங்களாக அதை இறக்கிக்கொள்ளலாம். கல்லோயா அணைக்கு மேலே இருக்கிற மலைப்பக்கத்தைப் பார்க்க அது போதும். ஆனால் அதன் உயரப் பிழை மீற்றர் கணக்கில் வரும். மரத்தின் உச்சியையும் நிலம் என்றே எண்ணும். அரை அடியில் வெள்ளமா இல்லையா என்று முடிவாகிற இடத்தில் அதை வைத்து வடிகான் போடுவது நியாயமே இல்லை.

2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒரு கிரவல் வீதியை உயர்த்தும் வேலைக்கு லெவல் பார்க்கப் போயிருந்தோம். வயலோரத்தில் நின்ற வயதான கமக்காரர் ஒருவர் கிட்ட வந்து, "மனே, றோட்டை உசத்திப்போட்டு மறுகா எங்கட வயலுக்க நிக்கிற தண்ணி எங்கால போறது?" என்று கேட்டார். "மதகு வைப்பம் ஐயா" என்றேன். "மதகு வைப்பீங்க. எந்த மட்டத்தில வைப்பீங்க?" என்றார்.

மிகச் சரியான கேள்வி. எங்களுக்குத் தந்திருந்த அறிவுறுத்தல், நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 10 மீற்றர் வரை குறுக்குவெட்டு எடுக்கச் சொன்னது. அதற்கு அப்பால் நிலம் எங்கே பள்ளம், எந்தப் பக்கம் சாய்கிறது என்பது படத்துக்குள் வராது. படம் முழுமையாக இருக்கும், அங்கீகாரமும் கிடைக்கும். அந்த ஐயாவின் கேள்விக்கு மட்டும் அதில் பதில் இருக்காது. அன்று வெளிச்சம் இருக்கும்வரை நின்று, அவர் காட்டிய வாய்க்கால் வழியே வயலுக்குள் நடந்து கூடுதலாக லெவல் எடுத்தோம். மதகின் அடிமட்டமும் இடமும் அதை வைத்துத்தான் முடிவானது.

இந்தக் கேள்விக்கென்றே செய்த மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசமாக. அமெரிக்க இராணுவப் பொறியியல் படையணியின் நீரியல் நிலையம் 1960களில் தொடங்கியது. ஆற்றில் இவ்வளவு தண்ணீர் வந்தால் எந்த இடத்தில் எவ்வளவு உயரம் எழும் என்று கணக்கிட ஹெக் 2 என்ற நிரலைச் செய்தார்கள். 1995இல் அதன் இடத்துக்கு ஹெக்ராஸ் வந்தது. 2016இல் வந்த 5ஆவது வெளியீட்டிலிருந்து ஆற்றுக் கோடு வழியாக மட்டுமின்றி, நிலப்பரப்பு முழுவதும் வெள்ளம் பரவுவதையே கணக்கிடலாம். எங்கள் மாதிரித் தட்டை நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. ஆனால் ஓட்டோகேட் தெரிந்த நூறு பேரைக் காட்டக்கூடிய எங்கள் ஊரில் ஹெக்ராஸ் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மட்டக்களப்பு வாவியை அதில் வைக்கப்போனால் இன்னொரு விஷயம் முன்னால் வந்து நிற்கும். மென்பொருள் முதலில் கேட்பது தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற இடத்தின் மட்டத்தைத்தான். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவி அது. முகத்துவாரம் மணலால் மூடியிருந்தால் ஒரு மட்டம், வெட்டிவிட்டால் வேறு மட்டம். வெட்டச் சொல்லி வயல்காரர்கள் கேட்பார்கள். இப்போது வெட்டினால் மீன் போய்விடும் என்று தோணிக்காரர்கள் சொல்லுவார்கள். இரண்டு பக்கமும் தங்கள் அனுபவத்திலிருந்து பேசுகிறார்கள், இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வாவி மட்டம் இவ்வளவு இருக்கும்போது வெட்டினால் எத்தனை மணித்தியாலத்தில் எந்த வயலில் எவ்வளவு வடியும் என்பதைக் கணக்குப் போட்டு மேசையில் வைத்தால், அந்தப் பேச்சு இன்னும் நல்ல இடத்துக்குப் போகும். அதைச் செய்ய வேண்டியவர்கள் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள்தான். எந்த மாதத்தில் எந்தப் பக்கம் காற்று தண்ணீரைத் தள்ளும் என்று வெளியிலிருந்து வருகிற ஆலோசகருக்குத் தெரியாது.

நடைமுறையில் இடறுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய அளவைப் படங்களும் புதியனவும் ஒன்றன்மேல் ஒன்று விழாது. இலங்கையின் பழைய ஆள்கூற்று முறையில் பீதுருதாலகாலை உச்சிக்கு 200,000, 200,000 என்று எண் கொடுத்திருந்தார்கள். 1999 முறையில் அதே உச்சிக்கு 500,000, 500,000. அதனால் மட்டக்களப்பு நகரத்தின் கிழக்கு எண் பழைய படத்தில் 3 லட்சத்துச் சொச்சம், புதியதில் 6 லட்சத்துச் சொச்சம். வடக்கு எண் 2 லட்சத்துச் சொச்சமும் 5 லட்சத்துச் சொச்சமும். வெறுமனே 300,000 கூட்டினால் கிட்டத்தட்டச் சரியாக வரும், ஆனால் முழுக்கச் சரியாக வராது. அடித்தள அளவீடும் மாறியிருக்கிறது. கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் இரண்டு முறையும் ஆயத்தமாக இருக்கின்றன, அதிலே மாற்றிக்கொள்வதுதான் பாதுகாப்பு. இதைச் செய்யாமல் கையால் நகர்த்திப் பொருத்திய பைல்கள் எத்தனையோ எங்கள் கந்தோர்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

விலையைப் பற்றியும் கேட்பார்கள். 2016க்குப் பிறகு ஓட்டோடெஸ்க் மென்பொருளை ஒரேயடியாக விற்பதை நிறுத்திவிட்டது. வருடா வருடம் கட்ட வேண்டும். இங்கே ஒரு சின்னக் கந்தோருக்கு அது கட்டுப்படியாகாது, அதனால் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மாணவர்களுக்கு மட்டும் சிவில் 3டி இலவசம். படிக்கிற காலத்தில் அதை எடுத்துப் பழகிக்கொள்ளாமல் விடுவது வீண். ஹெக்ராஸும் கியூஜிஐஎஸும் எவருக்கும் எப்போதும் இலவசம்.

அதனால் கேள்வி கேட்கிற பிள்ளைகளிடம் நான் இப்போது ஒரு வேலையைக் கொடுக்கிறேன். உங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஏதாவது ஒரு மதகை எடுங்கள். தொழில்நுட்பக் கல்லூரியிலோ தெரிந்த ஒருவரிடமோ லெவல் கருவியை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்குங்கள். மதகின் கைப்பிடிச் சுவரில் ஒரு குறி வைத்து, அதிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் 200 மீற்றர் வரைக்கும் வரம்பு, வாய்க்கால், பள்ளம், வீட்டு முற்றம் எல்லாவற்றுக்கும் லெவல் எடுங்கள். வரம்புகளை முறிகோடாகப் போட்டு மேற்பரப்பு ஆக்குங்கள். பிறகு தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று திரையில் பார்த்து, அந்த இடத்து ஆட்களிடம் சரியா என்று கேளுங்கள். படம் கீறுவது அதற்குப் பிறகு தன்பாட்டில் வரும்.

செய்வதென்றால் ஆவணி, புரட்டாசியில் செய்து முடித்துவிடுங்கள். ஐப்பசியில் விதைப்புத் தொடங்கிவிட்டால் வயலுக்குள் ஸ்டாஃபோடு இறங்க வயலுக்குச் சொந்தக்காரரான எந்தப் போடியாரும் விடமாட்டார்.